நன்னூல் வகுப்பில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

ஆண்டுதோறும் ஜூலையில் இளங்கலை முதலாண்டு வகுப்புகள் தொடங்கியதும் நாங்கள் முதலில் கையிலெடுப்பது நன்னூலின் பொதுப்பாயிரத்தைத்தான். எழுத்து, சொல் என்று இலக்கணத்துக்குள் நுழைந்தால் மிரண்டுபோகும் பிள்ளைகளுக்கு அது ஒரு தாழ்வாரம் மாதிரி. சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமை. ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடமும் மடற்பனையும் பருத்திக்குண்டிகையும் முடத்தெங்கும் உவமை. இந்த இரண்டாவது பட்டியலை நடத்தி முடித்த மறுநாளே துறையில் யாருக்கு எந்தப் பெயர் என்று மாணவர்கள் முடிவுசெய்துவிடுவார்கள். முடத்தெங்கு என்ற பட்டம் எங்களுள் ஒருவருக்குப் பத்தாண்டுகளாக நிலைத்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் நின்றுகொண்டு அடுத்த துறைக்குக் காய் தருகிறாராம்.

துறையில் நாங்கள் நால்வர். இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று வருமிடமெல்லாம் நால்வரையும் குறிக்கும். எதை எவர் சொன்னார், எவர் தயங்கினார், எவர் தொலைபேசியை எடுத்தார் என்று பிரித்துக்காட்டப் போவதில்லை. பிரித்தால் பழி ஒருவர் தலையில் ஏறி, மற்ற மூவரும் நல்லவர்களாகிவிடுவோம். அதற்கு நாங்கள் தகுதியுடையவர்கள் அல்லர்.

2024 ஜூலையில் மாணாக்கர் இயல்பு பற்றிய பகுதி நடந்துகொண்டிருந்தது. குளிர்காய்பவன் நெருப்பை நெருங்கிவிடாமலும் விலகிவிடாமலும் இருப்பதுபோல ஆசிரியரிடத்து மாணாக்கன் இருக்கவேண்டும், நிழல்போலப் பிரியாதிருக்கவேண்டும், எவ்வாறு நடந்தால் ஆசிரியர் மகிழ்வாரோ அவ்வாறு நடந்து வழிபடவேண்டும் என்பது நூற்பாவின் கருத்து. உவமைகளை விரித்துச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும் நேரத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள்.

“ஐயா, அந்த ஆசிரியர் சரியில்லாத ஆளா இருந்தா மாணவர் என்ன செய்யணும்னு நன்னூலார் சொல்லியிருக்காரா?”

வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். தகாத ஆசிரியர் இலக்கணத்தைச் சொல்லியிருக்கிறாரே, பொறாமை, பேராசை, வஞ்சனை, கேட்போர் அஞ்சும்படி பேசுதல் எல்லாம் அதில் வந்துவிடுகின்றனவே என்றோம். அவள் உட்காரவில்லை.

“அது யாரை வாத்தியாரா வைக்கக் கூடாதுன்னு பெரியவங்களுக்குச் சொன்னது ஐயா. வச்ச பிறகு?”

மணி அடித்துவிட்டது. மணி அடித்ததில் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் எழுதியாகவேண்டும்.

மறுநாள் பகலுணவு வேளையில் அவள் துறை அறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ உரைநூல் கேட்க வந்தவள்போலப் பேச்சைத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு தங்கை, ஏழாம் வகுப்பு. சில வாரங்களாகச் செவ்வாயும் வெள்ளியும் காலையில் அந்தச் சிறுமிக்கு வயிறு வலிக்கிறது. மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. மற்ற நாள்களில் வலி இல்லை. பள்ளியில் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் தனி வகுப்பு. முன்பு எப்போதோ கொடைக்கானல் போனபோது வாங்கிய ஸ்வெட்டரை, ஜூலை வெயிலில், சீருடைக்கு மேல் போட்டுக்கொண்டு போகிறாள். ஏனென்று கேட்டால் குளிர்கிறது என்கிறாள். இவ்வளவையும் கோவையாகச் சொன்ன மாணவி, அதற்குமேல் தங்கை தன்னிடம் ஒரு இரவு சொன்னதை நான்கைந்து சொற்களில் முடித்துக்கொண்டாள். அச்சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னாயா என்று கேட்டோம். சொல்லியிருந்தாள். தாய் பள்ளிக்குப் போய்த் தலைமைப் பொறுப்பில் இருந்தவரைப் பார்த்திருக்கிறார். அவர் எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பிறகு, “நான் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேம்மா. வெளிய தெரிஞ்சா நம்ம புள்ள பேருதானே கெடும்” என்றிருக்கிறார். ‘நம்ம புள்ள’ என்ற அந்த உரிமைச் சொல்லில் தாய் உருகித் திரும்பிவிட்டார். தந்தை வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார். ஆண்டு நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் ஏனென்று நாலுபேர் கேட்பார்களே என்றும் சொல்கிறார்.

அவள் போன பிறகு நாங்கள் நால்வரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். நான்கு நாள் பேசினோம். அந்த நான்கு நாளில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.

பேசியதன் சாரம் இதுதான். நாம் கேட்டது செவிவழிச் செய்தி. நேரில் அறிந்தது அன்று. பெற்றோர் இருக்கையில் நாம் யார்? அது பள்ளி, நாம் கல்லூரி. ஒருவேளை அந்த ஆசிரியர் குற்றமற்றவராக இருந்தால் ஒரு மனிதனின் வாழ்வை அழித்த பாவம் நம்மைச் சேராதா? ஒவ்வொரு வாதமும் பொறுப்புள்ள மனிதர் பேசுவதைப் போலவே ஒலித்தது என்பதுதான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இலக்கணம் நடத்துபவர்களுக்குத் தடைவிடை எழுப்புவது கைவந்த கலை.

நான்காம் நாள் மாலை, எங்களுள் ஒருவர் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின், அதாவது போக்சோ என்று நாளிதழ்கள் எழுதும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின், படியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக நடைமுறையிலிருக்கும் சட்டம். நாங்கள் அதுவரை அதைப் படித்ததில்லை. உரையாசிரியர்களைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தோம். எங்கள் நான்கு தடைகளுக்கும் விடை அதில் இருந்தது. 19ஆம் பிரிவு தெரிவிக்கும் கடமையைப் பெற்றோர்மீது மட்டும் சுமத்தவில்லை, எவராயினும் என்கிறது. குற்றம் நிகழ்ந்ததென்று அறிந்தவர் மட்டுமல்லர், நிகழக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். மெய்யா பொய்யா என்று ஆராய்வது தெரிவிப்பவரின் வேலை அன்று. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பிலிருப்பவர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. தண்ணீர் கொடுத்து வரவேற்றாரே, அவர் இந்த இரண்டாவது வகை. நாங்கள் முதல் வகை.

மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதி மாணவியருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர்மீது வழக்குப் பதிவாகி, உயர் நீதிமன்றம் அதை நீக்கியிருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாதாக்கியது. தெரிந்தும் சொல்லாதிருப்பது கடுங்குற்றம் என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. அன்று மாலை அந்தத் தீர்ப்பின் செய்தியையும் தேடிப் படித்தோம். மருத்துவரின் இடத்தில் தமிழ்ப் பேராசிரியர் என்று போட்டுப் பார்த்தால் வாக்கியம் பிழையின்றி நின்றது.

ஏன் நான்கு நாள் ஆயிற்று என்பதற்கு வேறொரு விடையும் உண்டு. நாங்கள் எல்லோரும் 1980களிலும் 90களிலும் பள்ளியில் படித்தவர்கள். பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பா, “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொன்னதை அவரவர் காதால் கேட்டவர்கள். அதைச் சொன்னவரின் குரலில் கொடுமை இல்லை. படிப்பின்மீது அவருக்கிருந்த பக்திதான் அப்படி வெளிப்பட்டது. எங்கள் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளியில் கோதண்டம் போடப்பட்ட கதையைப் பெருமையாகவே சொன்னார்கள். குழந்தையின் உடல் பள்ளி வாசலில் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது என்பது யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம். அடிப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட உடலின்மேல் வேறு எதற்காகக் கை வைத்தாலும் அந்தக் குழந்தைக்கு அதைப் பிரித்துச் சொல்ல ஏது வழி? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தபோது, ‘இனி பிள்ளைகள் எப்படி உருப்படும்’ என்று ஆசிரியர் ஓய்வறைகளில் எழுந்த பெருமூச்சை நாங்கள் அறிவோம். எங்கள் ஓய்வறையிலும் எழுந்தது.

பள்ளியில் எங்களுக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. அதைப் பெரியவர்கள் செய்யவில்லை, நாங்களே செய்துகொண்டோம். குறிப்பிட்ட ஓர் ஆசிரியருக்கு ஒரு பட்டப்பெயர். அவர் அறைக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோகும்போது இருவராகப் போகவேண்டும். மேசைக்கு இந்தப் பக்கமே நிற்கவேண்டும். இவை மேல்வகுப்பு அக்காக்களிடமிருந்து கீழ்வகுப்புக்கு வாய்மொழியாக வந்த விதிகள். ஏதோ நொண்டி விளையாட்டின் விதிகளைப்போலச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கப்பட்டன. நாற்பது வயதைக் கடந்தபின் ஒரு மாலையில் இதைப் பேசியபோது, நால்வரில் மூவர் பள்ளியில் இந்த ஏற்பாடு இருந்தது தெரிந்தது. வெவ்வேறு மாவட்டங்கள், வெவ்வேறு பள்ளிகள். விதி ஒன்றே. ஒருநாள் துணைக்கு ஆளில்லாமல் தனியாகப் போக நேர்ந்த கதையை எங்களுள் ஒருவர் தொடங்கி, தேநீர் வந்ததும் நிறுத்தினார். பிறகு தொடரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டு எழுதப்பட்டது. 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடைசி வரியைத்தான் எங்களால் தாண்டிப்போக முடியவில்லை. சொல்லாமலிருந்த குழந்தைகள் வளர்ந்து ஆசிரியர்களாகி, துறை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் பேசுகிறார்கள்.

சொல்வதற்குச் சொல் வேண்டும் அல்லவா? தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இதைப்பற்றிக் கொஞ்சம் எழுத உரிமை எடுத்துக்கொள்கிறோம். இத்தகைய செய்திகளை நம் நாளிதழ்கள் நெடுங்காலம் ‘சில்மிஷம்’ என்று எழுதின. மாணவியிடம் சில்மிஷம், ஆசிரியர் கைது. சில்மிஷம் என்பது கண்ணன் வெண்ணெய் திருடியதற்குப் பாட்டிமார் சொல்லும் சொல். ‘மானபங்கம்’ என்றும் எழுதினார்கள். யாருடைய மானம் பங்கப்பட்டது? குற்றம் செய்தவனுடையதன்று, குழந்தையுடையது. சொல்லே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. இன்று பாலியல் சீண்டல், பாலியல் வன்கொடுமை என்ற சொற்கள் வந்திருக்கின்றன, தேவலை. வகுப்பறைகளில் ‘குட் டச், பேட் டச்’ சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று மொழிபெயர்ப்பதில் எங்களுக்கு ஒரு சங்கடம். கெட்டது தன்மேல் பட்டது என்று அறிந்த குழந்தை, தானும் கெட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளும்; தமிழில் ‘கெட்டுப்போனவள்’ என்ற சொல் அதன் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்பது நாவுக்குச் சற்று நீளம்தான். ஆனாலும் அது மேல்.

தொடுதல் என்ற சொல் நீதிமன்றத்தையே தடுமாற வைத்ததுண்டு. ஆடையின்மேல் கைபட்டால் போக்சோ சட்டத்தின்படி அது பாலியல் தாக்குதல் ஆகாது, தோலோடு தோல் படவேண்டும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பார்க்கவேண்டியது நோக்கத்தையே அன்றி ஆடையை அன்று என்றது. இடையிலிருந்த பத்து மாதங்கள் சட்டத்தின் ஒரு சொல்லுக்கு எழுதப்பட்ட பிழையுரையின் காலம். கொடைக்கானல் ஸ்வெட்டரை அந்தச் சிறுமி போட்டுக்கொண்டதன் பொருள் நாக்பூர்த் தீர்ப்பை எழுதியவருக்கு விளங்கியிருக்குமா என்று எங்களுக்குத் தோன்றியதுண்டு.

ஐந்தாம் நாள் காலை 1098 என்ற எண்ணுக்குப் பேசினோம். 1996இல் மும்பையில் தொடங்கப்பட்ட குழந்தைகள் உதவி எண்; இப்போது அரசே நடத்துகிறது. எங்களுக்கிருந்த அச்சத்துக்கு மாறாக மறுமுனையில் பேசிய பெண் எங்களை ஒன்றும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மாணவியின் குடும்பத்தினரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டே பேசினோம். தந்தை கோபித்துக்கொண்டார். தாய் ஒன்றும் சொல்லாமல் சிறுமியின் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

சட்டம் எழுத்தில் இருந்தபடியே சில காரியங்கள் நடந்தன என்பதைப் பதிவு செய்யவேண்டும். குறைகளை மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். வந்த பெண் உதவி ஆய்வாளர் சீருடையில் வரவில்லை; சேலையில் வந்தார். காவல் நிலையத்துக்கு அழைக்கவில்லை. வீட்டிலேயே, பாட்டியின் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். சிறுமி முதல் அரைமணி நேரம் பள்ளியில் வளர்க்கும் முருங்கை மரத்தைப் பற்றியே பேசினாளாம். அவர் முருங்கை மரத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு அவள் சொன்னாள். அவள் மட்டுமன்று, விசாரணையில் அவள் வகுப்பைச் சேர்ந்த இன்னும் இரு சிறுமியர் சொன்னார்கள். குற்றமற்றவராக இருந்தால் என்ற எங்கள் கவலைக்கு அங்கே ஒரு விடை தொடங்கியது. வழக்கு நடப்பதால் அதற்குமேல் எழுதுவது முறையன்று. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக்கூடாது என்பதும் அச்சட்டமே. ஆகையால் இக்கட்டுரையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். முருங்கை மரம் உண்மை.

அடுத்த மாதம், 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவியருக்குக் கொடுமை இழைத்த செய்தி வந்தது. அறிந்தும் மறைத்ததற்காகப் பள்ளி முதல்வர் உள்ளிட்டோரும் கைது செய்யப்பட்டனர். முகாம் நடத்த வருபவன் யார், எங்கிருந்து வருகிறான் என்று ஒரு தாள் கேட்டுப் பார்த்திருந்தால் போதும். பள்ளியில் பணியாற்றும் எவரையும் காவல்துறை வழியாகச் சரிபார்க்கவேண்டும், அதைக் காலமுறைப்படி திரும்பச் செய்யவேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்தில் கட்டட உறுதிச் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. கூரை தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும். தனி வகுப்பு நடக்கும் அறையின் கதவு சாத்தியிருப்பது தெருவிலிருந்து தெரிவதில்லை.

எங்கள் மாணவியின் வீட்டுக்கு ஆள்கள் வரத்தொடங்கினார்கள். முதலில் வார்டுப் பிரமுகர். பிறகு தூரத்து உறவினர். பிறகு அந்த ஆசிரியரின் மனைவி, கைக்குழந்தையோடு. அவர் அழுததைப் பார்த்துத் தாயும் அழுதிருக்கிறார். சமாதானமாகப் போய்விடலாம், படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பேச்சு. தந்தை ஏறக்குறைய இசைந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எங்களால் முடியவில்லை. அந்தத் தெருவில் குடியிருப்பவர் அவர்தான், நாங்கள் அல்லர். அந்த நவம்பரில் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் ஒருவர்மீதான போக்சோ வழக்கை, மாணவியின் தந்தையோடு ஏற்பட்ட சமாதானத்தின் அடிப்படையில் உயர் நீதிமன்றம் நீக்கியிருந்தது. அப்படி நீக்கமுடியாது என்று சொல்லி வழக்கை மீட்டார்கள். நாளிதழில் வந்த அந்தச் செய்தியை வெட்டி மாணவி வீட்டுக்கு எடுத்துப்போனாள். தந்தை மூக்குக்கண்ணாடி போட்டு இருமுறை படித்துவிட்டு, “நம்ம கையில இல்லைன்னு சொல்லிடலாம்ல” என்றாராம். முடிவெடுக்கும் பாரம் தம் கையைவிட்டுப் போனது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது. விசாரணையை ஓராண்டுக்குள், இயன்றவரை, முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். இயன்றவரை என்ற சொல்லின் நீளத்தை இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.

2025 ஜூலையில் மீண்டும் பொதுப்பாயிரம். நெருப்பும் நிழலும் வந்தன. அந்த நூற்பாவின் கடைசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆசிரியர் எவ்வாறு மகிழ்வாரோ அவ்வாறு நடக்கவேண்டும், ஆனால் அறத்தினின்று வழுவாமல் என்பது அது. இருபது ஆண்டுகளாக உவமைகளில் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, அந்தப் பகுதியைப் பதவுரையோடு கடந்துபோயிருக்கிறோம். பவணந்தி முனிவர் எந்தக் கருத்தில் அதை வைத்தார் என்று ஆயிரம் சொல்லலாம், உரைகளும் உள்ளன. அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது, அவள் கேட்டபோது நூல் எங்கள் கையில் திறந்துதான் இருந்தது. இம்முறை அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக்கொண்டோம். பாடத்திட்டம் பின்தங்கியதென்று துறைத்தலைவரின் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது.

இரண்டாமாண்டில் இருக்கும் அவளை நூலக வாசலில் பார்த்தோம். தங்கை வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள் என்றாள். அங்கே தனி வகுப்பு உண்டா என்றோம். உண்டு, ஆனால் வராந்தாவில் வைக்கிறார்கள் என்றாள். செவ்வாய்க்கிழமைகளில் வயிறு வலிக்கிறதா என்று கேட்டோம்.

“எப்பவாச்சும் ஐயா” என்றாள்.